மின்விளக்கு அடம்பிடித்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

விளக்கு எரியவில்லை என்றால் கை முதலில் தேடுவது புதுப் பல்பைத்தான். பல நேரங்களில் அதுவே போதுமானதாகவும் இருந்துவிடுகிறது. போதாத நேரங்களில்தான் சிக்கல். புதுப் பல்பும் பத்து நாளில் போகும், அடுத்ததும் போகும், பழி கடைக்காரர் மேல் விழும். வாங்குவதற்கு முன் விளக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பது நல்லது. எந்த வழியில் ஒரு விளக்கு ஒளியை உண்டாக்குகிறதோ, அந்த வழியில்தான் அது கெடவும் செய்கிறது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சும் குண்டு பல்பு ஒரு விதமாகச் சாகும். பாதரச ஆவிக்குள் மின்சாரம் பாய்ச்சும் டியூப்லைட் வேறு விதமாக. எல்இடி இன்னொரு விதமாக. ஆகவே "விட்டுவிட்டு எரிகிறது" என்ற ஒரே புகாருக்கு மூன்று விளக்கிலும் மூன்று காரணங்கள். சில நேரம் விளக்கில் ஒரு குறையும் இருக்காது. வயரிங்கில் உள்ள கோளாறை அது காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

கையில் ஒரு நியான் டெஸ்டர் இருந்தால் போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயர் நீட்டிய டெஸ்ட் லேம்ப்பும் இருந்தால் இன்னும் நல்லது. ஹோல்டரையோ வயரையோ தொடவேண்டி வந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். விளக்கின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைப்பது ஏன் ஆபத்து என்பது கீழே வருகிறது.

சில விளக்குகள் கண்ணைப் பறிக்கின்றன, சில மங்குகின்றன

இந்த அறிகுறியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் யோசிக்க நேரமில்லை. கூடத்து விளக்கு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிகிறது, மின்விசிறி தறிகெட்டுச் சுற்றுகிறது, அடுத்த அறையில் விளக்கு அழுது வடிகிறது என்றால், உடனே மெயினை அணையுங்கள். பல்பை ஆராய வேண்டாம்.

மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் (ஃபேஸ் வழியே வந்த மின்சாரம் திரும்பிப்போகும் வயர்) அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ தளர்ந்திருக்கிறது. நம் வீடுகளில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே ஏறத்தாழ 400 வோல்ட். நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸும் தன் 230 வோல்ட்டோடு நிற்கும். அது போய்விட்டால், இரண்டு ஃபேஸ்களில் உள்ள சாதனங்கள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. ஒரு பக்கம் கிரைண்டரும் ஹீட்டரும் ஓட, மறுபக்கம் ஒரு எல்இடியும் தொலைக்காட்சியும் மட்டும் இருந்தால், பெரும்பங்கு அந்தப் பாவப்பட்ட எல்இடிக்கும் தொலைக்காட்சிக்கும் போய்ச்சேரும். ஒரே இரவில் வீட்டில் பாதிச் சாதனங்கள் எரிந்துபோன கதைகளில் பலவற்றுக்கு மூலம் இதுதான். எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) இதில் காப்பாற்றாது. அது பார்ப்பது மின்னோட்டத்தை, மின்னழுத்தத்தை அல்ல.

உங்கள் வீட்டில் மட்டும் என்றால் எலக்ட்ரீஷியன். தெருவுக்கே என்றால் மின்வாரியம். அவர்கள் வந்து பார்க்கும்வரை மெயின் அணைந்தே இருக்கட்டும்.

எதுவும் எரியவில்லை, டெஸ்டர் மட்டும் எரிகிறது

ஒற்றை ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்தால் வரும் தோற்றம் இது. விளக்கு, விசிறி எல்லாம் செத்துக்கிடக்கும். பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்தால் ஃபேஸ் துளையில் எரியும். வியப்பாக, நியூட்ரல் துளையிலும் எரியும். "இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியில்லை. சுவிட்ச் போட்டபடி இருக்கும் ஏதோ ஒரு பல்பு வழியாக ஃபேஸ் நுழைந்து, வெளியேற வழியில்லாமல் நியூட்ரல் வயரிலும் வந்து நிற்கிறது. எல்லா சுவிட்ச்களையும் அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். நியூட்ரல் துளையில் டெஸ்டர் அணைந்துவிட்டால் சந்தேகம் உறுதி. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் வைத்தாலும் அது எரியாது.

மாலை ஆனால் எல்லாம் மங்கல்

மின்னழுத்தம் குறைவதை அளக்க மீட்டர் இல்லாவிட்டாலும், மூன்று வகை விளக்குகள் வீட்டில் இருந்தால் போதும். வழங்கல் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் குண்டு பல்பின் ஒளி பாதிக்கும் கீழே போய், நிறமும் சிவந்துவிடும். இழையின் வெப்பம் சற்றுக் குறைந்தாலே ஒளி மளமளவென்று சரியும். டியூப்லைட் பற்றிக்கொள்ள முடியாமல் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பது மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நல்ல டிரைவர் (வரும் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் உள்சுற்று) உள்ள எல்இடிக்கோ ஒரு மாற்றமும் தெரியாது. மூன்றும் இப்படி நடந்துகொண்டால் விளக்குகளைத் திட்டிப் பயனில்லை. மலிவு விலை எல்இடிகளில் சில மட்டும் குண்டு பல்போடு சேர்ந்து மங்கும்; அவற்றைப் பற்றிப் பின்னால்.

மோட்டார் போடும்போதோ கிரைண்டர் ஓடத் தொடங்கும்போதோ ஒரு கணம் மட்டும் மங்கி மீண்டால், அது வேறு. தொடங்கும் நேரத்தில் மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். கண் இமைக்கும் நேரம் மங்கினால் விட்டுவிடலாம். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் மங்கலாகவே இருந்தால், வயர் மெலிது அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. மெயின் போர்டில் கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள்.

குண்டு பல்பு சுவிட்ச் போட்டவுடன் போகிறது

இரவெல்லாம் எரிந்த பல்பு மறுநாள் மாலை சுவிட்ச் போட்ட நொடியில் பளிச்சிட்டு ஏன் சாகிறது? டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸில் எரிகிறது. டங்ஸ்டன் உருகுவது 3,422 டிகிரியில். ஆனால் உருகாவிட்டாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. அந்த ஆவிதான் பல்பின் உட்புறத்தில் கறுப்பாகப் படிவது. இழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. ஓரிடத்தில் மெலியும், அந்த இடம் இன்னும் சூடாகும், இன்னும் மெலியும். குளிர்ந்த இழையின் மின்தடை, சூடான இழையின் தடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 60 வாட் பல்பு எரியும்போது கால் ஆம்பியர்தான் எடுக்கும். சுவிட்ச் போட்ட முதல் நொடித்துளியில் அதன் பத்து மடங்குக்கு மேல் பாயும். மெலிந்த இடம் அதைத் தாங்காது.

வயதான பல்பு இப்படிப் போவது இயல்பு. 1,000 மணி நேரம் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள். (இந்த ஆயிரத்துக்குப் பின்னால் ஓர் அழுக்குக் கதை உண்டு: 1924ஆம் ஆண்டு ஜெனீவாவில் பெரிய பல்பு நிறுவனங்கள் ஒன்றுகூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கி, ஆயுளை 1,000 மணிக்கு மேல் போகவிடாமல் ஒருவரையொருவர் கண்காணித்தன. ஆயுளைக் கூட்டினால் ஒளித்திறன் குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் நோக்கம் அது மட்டுமல்ல.) புதுப் பல்புகளே அடிக்கடி போனால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது பார்க்கவேண்டியவை:

மின்னழுத்தம் கூடுதலா? ஐந்து விழுக்காடு கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். மின்மாற்றிக்குப் பக்கத்து வீடுகளில், சாமம் கடந்த பிறகு அழுத்தம் ஏறும்.

ஹோல்டர் எப்படியிருக்கிறது? நாம் பயன்படுத்தும் கொக்கி வகை ஹோல்டரில் இரண்டு சிறு பின்கள் ஸ்பிரிங்கின் பலத்தில் பல்பின் ஈய முனையை அழுத்துகின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் இடைவெளியில் தீப்பொறி பறக்கும், 'ஙொய்' என்று ஓசை வரும், பல்பின் ஈயத்தில் குழி விழும். தட்டினால் எரியும் விளக்கில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. ஹோல்டர் விலை பல்பைவிடக் குறைவு, மாற்றிவிடுங்கள்.

பல்புக்குள் வெள்ளை அல்லது மஞ்சள் பொடி படிந்திருந்தால், கண்ணாடியில் விரிசல் வழியாகக் காற்று புகுந்து இழை எரிந்துபோயிருக்கிறது. வயரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டியூப்லைட்டின் இரு முனையும் சிவந்து நிற்கிறது, நடுவில் இருட்டு

டியூப்லைட்டைப் புரிந்துகொள்ள ஸ்டார்ட்டரைப் புரிந்துகொண்டால் போதும். குழாய்க்குள் இருப்பது ஆர்கான் போன்ற வாயுவும் துளிப் பாதரசமும். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி 254 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உமிழ்கிறது. உட்புறத்து வெள்ளைப் பூச்சு அதை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தருகிறது. ஆனால் குளிர்ந்த வாயு 230 வோல்ட்டுக்கு மசியாது. அதற்குத்தான் இந்த நாடகம்: ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து தொட்டுக்கொள்ளும், மின்சாரம் சோக் (இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய கம்பிச்சுருள்) வழியாக இரண்டு முனை இழைகளிலும் ஓடி அவற்றைச் சிவக்கவைக்கும், பட்டை ஆறி விலகும், விலகிய கணத்தில் சோக் தன்னுள் இருந்த காந்த ஆற்றலைப் பல நூறு வோல்ட் அடியாக இறக்கும், குழாய் பற்றிக்கொள்ளும். எரியும் குழாயின் குறுக்கே நூறு வோல்ட்டைச் சற்றுத் தாண்டிய அழுத்தமே மிஞ்சும். அது ஸ்டார்ட்டரை மீண்டும் எழுப்பப் போதாது. எரிந்த பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாலும் விளக்கு எரிந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

இனி அறிகுறிக்கு வருவோம். முனைகள் மட்டும் சிவந்து நின்றால் பட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது, விலகவில்லை; அல்லது அதன் பக்கத்தில் உள்ள சிறு கண்டென்சர் (மின்தேக்கி) ஷார்ட் ஆகிவிட்டது. ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றுங்கள். கழற்றிய கணத்திலேயே விளக்கு எரிந்தால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. புதுசு போடுங்கள். அப்படியே விட்டால் முனை இழைகள் வீணாக வெந்து குழாயும் போய்விடும்.

கண்ணடித்துக்கொண்டே இருந்து எரியாமல் போனால், முனைகளைப் பாருங்கள். முனையில் சில அங்குலம் கறுத்திருந்தால் குழாய் கிழடாகிவிட்டது. இழையின் மேல் பூசிய பேரியம் போன்றவற்றின் ஆக்சைடுகள்தான் எலெக்ட்ரான்களை எளிதில் விடுபவை. ஒவ்வொரு முறை பற்றும்போதும் அவை கொஞ்சம் உதிரும். பூச்சு தீர்ந்த குழாயை எந்த ஸ்டார்ட்டரும் எழுப்பாது. முனை சுத்தமாக இருந்தால் முதலில் குழாயைப் பட்டியில் அரைச்சுற்றுத் திருப்பிப் பின்கள் சரியாக உட்காரச் செய்யுங்கள், பிறகு ஸ்டார்ட்டர், பிறகு மின்னழுத்தம்.

முனையில் சிவப்பும் இல்லை, துடிப்பும் இல்லை என்றால் எங்கோ பாதை அறுந்திருக்கிறது: குழாயின் இழை, சோக், அல்லது பட்டியின் துருப்பிடித்த கவ்வி. வேறு பட்டியில் அந்தக் குழாய் எரிகிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. புதுக் குழாய் போட்டவுடன் பளிச்சென்று ஒரு வெளிச்சம் காட்டிச் செத்துவிட்டால், இரண்டாவது குழாயை எடுத்து மாட்டாதீர்கள். சோக் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. எரியும் வாயு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது. மின்னோட்டம் கூடக்கூட அதன் தடை குறையும், இன்னும் கூடும். அதற்குக் கடிவாளம் சோக்தான். கடிவாளம் இல்லாத இடத்தில் எத்தனை குழாய் போட்டாலும் அத்தனையும் போகும்.

சோக் முனகுவது நோயல்ல. அதன் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. திருகை இறுக்கினாலோ அடியில் ரப்பர் வைத்தாலோ ஓரளவு அடங்கும். தார் உருகிய வாடையோடு சேர்ந்து முனகினால் மாற்றிவிடுங்கள். புதுக் குழாயில் ஒளி பாம்புபோல நெளிந்தால் சில மணி நேரம் எரியவிடுங்கள், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

அணைத்த பிறகும் எல்இடி மினுமினுக்கிறது

பேய், பிசாசு வரை பேசப்பட்ட அறிகுறி இது. எல்இடி ஒளிர்வது வெப்பத்தாலும் அல்ல, வாயுவாலும் அல்ல. காலியம் நைட்ரைடு குறைகடத்தியின் சந்திப்பில் எலெக்ட்ரான் ஒரு 'துளை'யில் விழும்போது மிச்ச ஆற்றல் நீல ஒளியாக வருகிறது. அதன் மேலுள்ள மஞ்சள் பூச்சு அதில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் சேர்ந்து வெண்மை. (நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு.) இந்தச் சந்திப்பு ஒளிர மிகச் சொற்ப மின்னோட்டமே போதும். குண்டு பல்பின் இழையைச் சூடாக்கக்கூட முடியாத கசிவு, எல்இடியை மங்கலாக ஒளிரவைத்துவிடும். அந்தக் கசிவு குண்டு பல்பு இருந்த காலத்திலும் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

கசிவு வரும் வழிகள் சில. உள்ளேயே குட்டி நியான் எரியும் சுவிட்ச் இருந்தால், அணைத்த நிலையில் அந்த நியான் எரிவதே பல்பின் வழியாகத்தான். நியூட்ரல் இணைப்பு தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்சும் அப்படியே. மாடிப்படியின் டூ வே வயரிங்கில் (ஒரே விளக்குக்கு மேலும் கீழும் இரண்டு சுவிட்ச்) நீளமாகச் சேர்ந்தோடும் வயர்களுக்கிடையே மின்தேக்கம் உண்டாகி, அதன் வழியாகச் சிறிது கசியும்.

நான்காவது வழிதான் முக்கியம்: சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பது. அப்போது சுவிட்சை அணைத்தாலும் விளக்கின் உள்ளே ஃபேஸ் எந்நேரமும் நின்றுகொண்டிருக்கும். எல்இடி மங்கலாக எரிவது அப்போது அழகுக் குறை மட்டுமல்ல. பல்பு மாற்ற ஏணியில் ஏறுபவரின் விரல் ஹோல்டர் பின்னில் பட்டால் அதிர்ச்சி நிச்சயம். பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் அணைந்த நிலையில் ஹோல்டரின் இரண்டு பின்களிலும் டெஸ்டரை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் தவறான வயரில் இருக்கிறது. மங்கலாக எரிந்தால் வெறும் தூண்டல் அழுத்தமாகவும் இருக்கலாம். அந்தப் பின்னுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப்பை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். ஃபேஸ் என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து போர்டில் மாற்றச் சொல்லுங்கள். "எப்படிப் போட்டாலும் எரியத்தானே செய்கிறது" என்று அவர் சொன்னால் வேறு எலக்ட்ரீஷியனைப் பாருங்கள்.

அணைத்த பின் சில நொடிகளுக்கு ஒருமுறை பளிச், பளிச் என்று மின்னினால் அதுவும் இதே கசிவுதான். டிரைவரில் உள்ள கண்டென்சர் மெல்ல நிரம்பும், டிரைவர் விழிக்கும், ஒரு மின்னலோடு காலியாகும், மீண்டும் நிரம்பும். சிஎஃப்எல்லிலும் இப்படி நடக்கும்.

எல்இடி எரிகிறது, சூடானதும் அணைகிறது, ஆறியதும் எரிகிறது

பல்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் (மெயின் அணைந்த பிறகு, பல்பு கையில் இருக்கும்போது) மஞ்சள் சில்லுகளில் ஒன்றில் கறுப்புப் புள்ளி தெரியக்கூடும். சில்லுகள் பெரும்பாலும் தொடர் இணைப்பில் இருப்பவை. ஒன்றின் உள்ளே முடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பி விட்டுப்போனால் மொத்த விளக்கும் அணையும். ஆறிச் சுருங்கும்போது கம்பி தொட்டுக்கொண்டு மீண்டும் எரியும். கெட்ட சில்லைப் பற்றவைத்துத் தாண்டிவிடும் வைத்தியம் பல கடைகளில் நடக்கிறது. சில காலம் எரியும். ஆனால் எளிய டிரைவர் உள்ள பல்புகளில் மீதிச் சில்லுகளின் மேல் சுமை கூடி அவையும் வரிசையாகப் போகும். இந்தப் பல்புகள் பலவற்றில் சில்லுகளை மெயின் மின்சாரத்திலிருந்து பிரித்துவைக்கும் மின்மாற்றி கிடையாது. எரியவிட்டுச் சோதிக்கும்போது தகட்டைத் தொட்டால் 230 வோல்ட்டைத் தொடுவதுதான்.

நல்ல நிறுவனத்துப் பல்பே சீக்கிரம் போகிறது என்றால் அது மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். குண்டு பல்பு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராகச் சுற்றிலும் வீசிவிடும்; மூடிய கண்ணாடிக் கூண்டு அதை ஒன்றும் செய்யாது. எல்இடியின் வெப்பம் பின்புறத் தகடு வழியாகக் காற்றில் கலந்தால்தான் உண்டு. மொட்டை மாடிக் கூரைக்கடியில், சுற்றிலும் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் அதை அடைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். டிரைவரில் உள்ள மின்பகுளிக் கண்டென்சரின் ஆயுள், 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் கணக்கு. பல பல்புகளில் சில்லு நன்றாகவே இருக்க, முதலில் உயிரை விடுவது இந்தக் கண்டென்சர்தான். குடுவையின் அடியில் காற்றோட்டத்துக்கு வழிசெய்யுங்கள், அல்லது குறைந்த வாட் பல்பைப் போடுங்கள்.

கைப்பேசிக் கேமராவில் விளக்கு கோடுகோடாகத் தெரிகிறது

மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். குண்டு பல்பின் இழை அதற்குள் ஆறிவிடாது. கண்டென்சர் மிச்சம் பிடித்த மலிவு எல்இடி முற்றிலும் அணைந்து அணைந்து எரியும். மின்னழுத்தம் இறங்கினால் சேர்ந்து மங்குபவையும் பெரும்பாலும் இவையே. கோளாறு அல்ல, தரம் அவ்வளவுதான். படிக்கும் மேசைக்கும், குறிப்பாக லேத்தோ தையல் இயந்திரமோ ஓடும் இடத்துக்கும் இவை வேண்டாம். சுழலும் சக்கரம் நிற்பதுபோலத் தோன்றிக் கை போய்விடும். பழைய பட்டறைகளில் அடுத்தடுத்த டியூப்லைட்டுகளை வெவ்வேறு ஃபேஸில் போட்டது இதற்காகத்தான்.

சிஎஃப்எல் உடைந்துவிட்டது

சிஎஃப்எல்லும் டியூப்லைட்டின் சுருட்டிய வடிவமே. உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. சன்னலைத் திறந்து, விசிறியை அணைத்து, குழந்தைகளைச் சற்று நேரம் வெளியே அனுப்புங்கள். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ வேண்டாம்; கெட்டி அட்டையால் அள்ளி, மிஞ்சிய தூளை ஒட்டும் டேப்பால் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

தெருவிளக்கு எரிந்து எரிந்து அணைகிறது

பொன்னிறத்தில் எரியும் சோடியம் விளக்கு சில நிமிடம் எரிந்து, அணைந்து, ஆறி, மீண்டும் எரிந்தால் அது கிழடாகிவிட்டது. வயது ஏற ஏற அதனுள் எரியும் மின்வில்லுக்குத் தேவையான மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சோக்கால் கொடுக்க முடியாமல் விட்டுவிடும். மின்சாரம் போய் வந்தவுடன் எரியாமல் இருப்பது மட்டும் இதில் சேராது. சூடான குழாய்க்குள் ஆவியின் அழுத்தம் அதிகமாக இருப்பதால் இக்னைட்டரின் (விளக்கைப் பற்றவைக்கும் கருவி) உயர் மின்னழுத்த அடிகூட அதைப் பற்றவைக்காது. சற்று ஆறினால் எரியும். மைதானங்களில் உள்ள மெட்டல் ஹாலைடு விளக்குகள் இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

எல்இடி தெருவிளக்கு அந்திக்குப் பின் சீரான இடைவெளியில் எரிந்து அணைந்தால் ஒளி உணரியைச் சந்தேகியுங்கள். விளக்கின் வெளிச்சமோ எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமோ அதன் மேல் விழ, விடிந்துவிட்டது என்று நினைத்து அது அணைக்கிறது. ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ புகார் கொடுக்கும்போது கம்பத்தின் எண்ணோடு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அணைகிறது என்பதையும் சொல்லுங்கள். வருபவர் விளக்கை எடுத்து வரவேண்டுமா, உணரியை எடுத்து வரவேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.